கால் தரையில் இருக்கும்போது

மேலகரத்தில் சிவனணைந்தபெருமாள் வீட்டுக் கதவின் உட்புறத்தில் உலகம் ஒட்டிக்கிடந்தது. லிஸ்பன், ரியோ, போனஸ் அயர்ஸ், வல்பரைசோ, சிட்னி, ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு, கொச்சி, ஏடன் என்று மேலிருந்து கீழே ஊர்ப்பெயர்கள், எதிரே தேதிகள். கப்பல்காரர்கள் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்ததைப் பெரியவரின் இளைய மகன் சுந்தரபாண்டி தமிழில் எழுதிப் பசை தடவி ஒட்டியிருந்தான். மூத்த மகன் அந்தக் கப்பலில் இருந்தான். அவன் பெயர் கடற்கரை. பேரை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் கேலி செய்யாத ஆள் கிடையாது.

அதற்கு முன் அவனுக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பாய் வேலை. சீசனுக்கு வந்த பம்பாய்க்காரர் ஒருவர், அவன் சுருக்கமில்லாமல் படுக்கை விரிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, "கப்பலிலும் இதே வேலைதான், என்ன, ரூம் கொஞ்சம் ஆடும்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். வேலைவெட்டி முடிந்த வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகள் ஊர் ஊராய் இறங்கி வேடிக்கை பார்த்து உலகத்தைச் சுற்றிவரும் கப்பல் அது. எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில், மனைவி சங்கரம்மாளுக்கு வளைகாப்பு முடிந்த கையோடு கிளம்பினான். அடுத்த சித்திரையில்தான் திரும்புவான்.

ஆனி மாசம், சாரல் தென்காசிவரைக்கும் வந்து விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அய்யாக்குட்டி என்று பெயர் வைத்தார்கள். தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு யாருமில்லை. சுந்தரபாண்டி மனைவி உலகம்மாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால் பிறந்த பிள்ளை மாடக்கண்ணு. ஒரே வீட்டில் இரண்டு தொட்டில் ஆடியது. பெரியவர் எதிலே கிடப்பது யார் என்று தெரியாமல் இரண்டையும் ஆட்டிவிடுவார்.

கடற்கரைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் நிற்கிற ஊர்களைப் பிள்ளையின் வளர்ச்சியோடு முடிச்சுப்போட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு படக் கார்டு வரும். லிஸ்பனில், "இந்நேரம் முகம் பார்த்துச் சிரிப்பான்." ரியோவில், "இந்நேரம் குப்புற விழுந்திருப்பான். கொழுக்கட்டை அவித்தீர்களா?" சிட்னியில், "இந்நேரம் உட்கார்ந்திருப்பான்." படங்களில் கோபுரமும் பாலமும் மலையுமாக இருக்கும். அவன் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. உலகத்தைச் சுற்றிப் பார்க்கக் கொடுத்துவைத்தவன், பார்த்ததெல்லாம் தான் பார்க்காத ஒரு பிள்ளையை.

அந்தப் பிள்ளை குப்புற விழவே இல்லை. கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தது. தென்காசியில் டாக்டரிடம் ஓடினார்கள், பெரிய கோயிலில் நேர்ந்துகொண்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் விடியும்போது பிள்ளை இல்லை. பச்சைப் பிள்ளைக்கு எரிப்பதும் காரியமும் கிடையாது. சிற்றாற்றங்கரையில் மழைக்குள்ளேயே ஒரு குழி வெட்டி வைத்துவிட்டு ஆண்கள் ஈர வேட்டியோடு திரும்பி வந்தார்கள். அவர்கள் உள்ளே வந்து கதவைச் சாத்தியபோது சங்கரம்மாள் கண் தானாகக் கதவுக்குப் போனது. அன்றைய தேதிக்கு நேரே ரியோ என்று எழுதியிருந்தது.

தந்தி கொடுக்கவேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். குத்துக்கல்வலசையில் அவருக்குப் பங்காளி முறையில் ஒருவர், அந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலில் போனவர். நடுக்கடலில் அவருக்குப் பெண்டாட்டி இறந்த சேதி போனது. மறுநாள் காலையில் அவர் படுக்கை இருந்தது, ஆள் இல்லை. அதிலிருந்து, தண்ணீர்மேல் இருப்பவனுக்குச் சாவுச்சேதி சொல்லக்கூடாது, அவன் கால் தரையில் இருக்கும்போதுதான் சொல்லவேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மூடத்தனம் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்த வெறும் படுக்கையை நினைத்தால் சங்கரம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகையால் சுந்தரபாண்டி, "பிள்ளை சுகம்" என்று எழுதிக்கொண்டே இருந்தான். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளையை இரண்டாம் முறை புதைப்பதுபோல இருந்தது.

தை பிறந்து பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. கொச்சியில் கப்பல் ஒரு பகல் நிற்கும். வீடுவரைக்கும் வந்துபோக நேரமில்லை. உள்ளே வர பாஸ் வாங்கி வைக்கிறேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா.

அன்று மத்தியானம் சங்கரம்மாள் மாமனார் முன்னால் போய் நின்றாள். "நான் போயிச் சொல்லிருதேன் மாமா. கொச்சியில கால் தரையிலதானே இருக்கும்?"

"பகல்ல தரை. பொழுது சாஞ்சா மறுபடி தண்ணியிலதானே ஏறணும்? கேட்ட சேதியைச் சுமந்துக்கிட்டு ஏடன், எகிப்துன்னு போவணும்லா. முழுசா எறங்கி வரட்டும் தாயி. நானே சொல்லுதேன்."

"பிள்ளை எங்கன்னு கேட்டாகன்னா?"

பெரியவர் கண் கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்த மாடக்கண்ணு மேல் போய் நின்றது. கடற்கரை தான் பெற்ற பிள்ளையைப் பார்த்ததே இல்லையே. அப்படி ஒரு எண்ணம் அந்த வீட்டுக்குத்தான் வரும். கெட்ட மனசால் வந்ததில்லை, பயத்தால் வந்தது.

அடுக்களையில் உலகம்மாள் புருஷனிடம் சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது. "ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த மடியில எம் பிள்ளையை வைக்கச் சொல்லுதாகளே! கண்ணு பட்டா யாரு பதில் சொல்லுவா? நான் மாட்டேன்." சங்கரம்மாளுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நாம் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்போம் என்று நினைத்தாள். ஆனாலும் அடுத்த நாள் உலகம்மாளே வந்தாள். "நானும் வருவேங்கா. பால் கொடுக்கணும்லா. அவுக கேட்டா, எம் பிள்ளை வீட்ல இருக்குன்னு சொல்லிக்கிடலாம்" என்றாள். பிள்ளைக்கு இடுப்பில் கறுப்புக் கயிறு, கன்னத்தில் மை, உள்ளங்காலில் மை. எதற்கு அத்தனை மை என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

செங்கோட்டை தாண்டி, மலையைக் குடைந்த இருட்டுக்குள் ரயில் போகும்போதெல்லாம் உலகம்மாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். துணைக்கு வந்த சுந்தரபாண்டியோடு கொல்லத்தில் வண்டி மாறினார்கள். கொச்சித் துறைமுகத்தில் இறங்கியபிறகுதான், வேறு வழியில்லாமல், பிள்ளையைச் சங்கரம்மாளிடம் நீட்டினாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு கையில் ஒரு பிள்ளையின் கனம். தன் பிள்ளை இருந்தால் இந்தக் கனம்தான் இருக்கும் என்று சங்கரம்மாளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடற்கரை இளைத்து, கறுத்து, வெள்ளைச் சட்டையில் ஓடிவந்தான். மனைவி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பிள்ளையை வாங்கிக் கழுத்துமடிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். சுந்தரபாண்டி வெற்றிலை வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு நழுவினான். அண்ணன் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கடற்கரை பையிலிருந்து ஒரு ஜோடிச் சின்னச் செருப்பை எடுத்தான். சிவப்பு, முன்னால் ஒரு குஞ்சம். அதைப் பிள்ளையின் மைக்காலில் மாட்டினான்.

"ரியோவுல வாங்குனது. அன்னைக்குத்தான் இவன் குப்புற விழுந்திருப்பான்னு எனக்கு மனசுக்குள்ள ஒரு கணக்கு. கப்பல்ல கொழுக்கட்டைக்கு எங்கன போவ? நம்ம ஆளுக எல்லாத்துக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். கோவாக்காரன் ஒருத்தன் பாட்டே பாடிட்டான். ஏட்டி, நீ அவிச்சியா, இல்லையா? ஒருத்தரும் அதை எழுதவே இல்லையே."

"அவிச்சேன்" என்றாள் சங்கரம்மாள். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவனுக்குப் பின்னால் கப்பல், மாடி மாடியாய், வெள்ளைவெளேர் என்று நின்றுகொண்டிருந்தது. அதில் ஏதோ ஒரு மூலையில் ஒரு படுக்கை இருக்கும். வாயை மூடிக்கொண்டாள்.

பிள்ளை பசிக்கு அழுதது. "பாலைக் கொடுட்டி" என்றான் அவன். அவள் எழுந்தாள், கூடவே உலகம்மாளும் எழுந்தாள். கடைக்குப் பின்னால் மரத்தடியில் உலகம்மாள் பால் கொடுக்க, சங்கரம்மாள் முந்தானையை விரித்து மறைத்து நின்றாள். திரும்பி வரும்போது பிள்ளை அவளிடம் வரமாட்டேன் என்று முறுக்கியது. கடற்கரை பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் பேச்சு குறைந்தது. "அய்யாக்குட்டி" என்று கூப்பிட்டுப் பார்த்தான். பிள்ளை செருப்புக் குஞ்சத்தை வாயில் வைக்கப் பார்த்ததே தவிர நிமிரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான். வெற்றிலையோடு வந்த சுந்தரபாண்டி, "சத்தத்துல பயந்திருக்கான்" என்றான். யாரும் கேட்காமலே.

பொழுது சாயும்போது பாஸைக் காட்டிக் கப்பலடிவரை போனார்கள். ஏணிப்படியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடற்கரை பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக, "மாடக்கண்ணு" என்றான்.

பிள்ளை சட்டென்று நிமிர்ந்து, பொக்கை வாயால் சிரித்தது.

சுந்தரபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். உலகம்மாள் விம்மினாள். கடற்கரை பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்து, நேரே கொண்டுபோய் உலகம்மாள் கையில் கொடுத்தான். "பிள்ளையைப் பிடி, உலகம்மா. செருப்பைக் கழத்தாத, அவனுக்கே இருக்கட்டும்." பிறகு ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏணியில் இரண்டு படி ஏறினான். நின்றான். திரும்ப இறங்கி வந்து சங்கரம்மாள் முன்னால், தரையில், இரண்டு காலையும் ஊன்றி நின்றான்.

"குத்துக்கல்வலசைச் சித்தப்பா கதை எனக்கும் தெரியும். எங்கால் தரையிலதான் இருக்கு. சொல்லு. நான் அப்ப எந்த ஊர்ல இருந்தேன்?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லிவிடலாம். லிஸ்பன் என்று சொல்லலாம், சிட்னி என்று சொல்லலாம். எத்தனை ஊர் இருக்கிறது கதவில்.

"ரியோ" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "அன்னைக்கு இங்கன மழையா?" என்று கேட்டான்.

"நல்ல மழை."

"அங்கன நல்ல வெயிலு" என்றான்.

அவள் பிடியை விடவில்லை. "நீங்க ஏறாதீங்க. இப்படியே நம்ம ஊருக்கு வந்துருங்க."

"பாஸ்போர்ட்டு உள்ள இருக்கு. பாதியில எறங்குனா விடமாட்டான்." அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். "ஏடன்ல எறங்கி கார்டு போடுதேன். அது வாரவரைக்கும் அப்பாகிட்ட, நான் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லலன்னே இருக்கட்டும். அவுகளுக்கு நெஞ்சு தாங்காது."

ஏறிப் போனான். வேலைக்காரர்கள் மேல்தளத்தில் வந்து நிற்கக்கூடாதாம், கையசைக்க அவன் வரவில்லை. மேலே யார் யாரோ கிழவன் கிழவிகள் கையசைத்தார்கள். திரும்பும் ரயிலில், செங்கோட்டைக்கு முந்தின இருட்டில், உலகம்மாள் தூங்கிப்போன பிள்ளையைச் செருப்புக் காலோடு தூக்கிச் சங்கரம்மாள் மடியில் வைத்தாள்.

மேலகரத்தில் பெரியவர் வாசலிலேயே நின்றார். "ஒண்ணும் சொல்லலயே தாயி?"

"சொல்லல மாமா."

"நல்லது. பிள்ளை நிம்மதியா ஏறிப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சங்கரம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கொச்சிக்குக் கீழே ஏடன் இருந்தது. அதற்கு எதிரே இருந்த தேதியை விரலால் தொட்டுக்கொண்டு நின்றாள்.