பூஜையன்று பட்ட காயம்

2008ஆம் வருஷம் ஆயுத பூஜையன்று என் அக்கா சந்திரலேகாவின் கணவர் கலியமூர்த்திக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கடலூர் முதுநகரில் மணவாளன் நடத்திய ஐஸ் கம்பெனியில் மச்சானுக்கு வேலை. ஐஸ் உடைக்கும் மிஷினைத் துடைத்துச் சந்தனம் வைக்கும்போது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

பூஜை நாளில் ரத்தம் சிந்தியது வெளியே தெரிந்தால் கம்பெனிக்கு ஆகாது என்று மச்சானே முடிவு செய்துகொண்டார். வீடு சிதம்பரத்தில். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போய், வீட்டு இரும்புக் கேட்டில் கை நசுங்கியதாக எழுதவைத்தார்.

நான் திருப்பூரிலிருந்து ஓடிவந்தபோது அக்கா அந்தச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வூட்டுக்கு ஏதுங்க கேட்டு? படுதாதான தொங்குது."

"லீவு நாள்ல பட்டதுக்கு யாருடி நஷ்டஈடு குடுப்பாங்க? மொதலாளி மனசு நோவும், வுடு."

அக்கா விடவில்லை. மணவாளனை நான்கு தடவை போய்ப் பார்த்தாள். பிறகு தனியாகப் பஸ் ஏறி, கடலூரில் தொழிலாளர் துறை ஆபீசில் விசாரித்து வந்தாள்.

"பூஜையா இருந்தா என்னா, மொதலாளி சொல்லி மிஷின்ல கைய வச்சாருன்னா அது வேலதானாம். ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போட்டுடணுமாம்."

நான் கேட்டேன்: "பொய் சொன்னதுக்கு மச்சானப் புடிச்சு உள்ள போட்டுட்டா?"

"போட்டா நீ சோறு கொண்டு போ."

அக்கா மச்சானை மனு போட வைத்தாள். விசாரணையன்று தொழிலாளர் துறை அதிகாரி ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான் முதலில் எடுத்தார். "கேட்டுன்னு இருக்கே?"

மச்சான் தரையைப் பார்த்தபடி நின்றார். அவர்தான் சொல்ல வேண்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

"பொய்ங்க ஐயா. கம்பெனி பேரு கெட்டுப்போவும்னு நானா சொன்னேன்."

அதிகாரி மணவாளன் பக்கம் திரும்பினார். "மிஷினத் தொடைக்கச் சொன்னது யாரு?"

மணவாளன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மறுத்தால் மச்சானிடம் வேறு அத்தாட்சி கிடையாது.

"நாந்தாங்க."

"ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கீங்களா?"

"வருஷா வருஷம் கட்டறேங்க. பீரோவுல கெடக்கு."

"அப்பொறம் எதுக்குப் பயம்? விபத்து நடந்ததும் அவுங்களுக்கு எழுதியிருக்கணும். நஷ்டஈட்ட அவுங்க குடுக்கறதுக்குத்தான பாலிசி."

வாக்குமூலம் டைப் ஆகும்வரை அக்கா, மச்சான், மணவாளன் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதலாளிக்குச் சமமாக மச்சான் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, எங்கிட்டயே வெவரமா சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மணவாளன்.

"நாலு தடவ வந்தேங்க. நாலு தடவயும் பஸ்ஸுக்குக் காசு குடுத்து அனுப்புனீங்க."

காகிதம் வந்ததும் மணவாளன் ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டார். மச்சானால் பேனா பிடிக்க முடியவில்லை. அக்கா அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, அவர் பெயருக்கு மேல் அழுத்தமாக வைத்தாள்.