சுமைதாங்கியை ஒட்டி முளைத்த காந்தள்

சடையப்பனின் இரண்டாம் பெண்டாட்டி கனகாவுக்கு இடுப்புவலி கண்டு இரண்டு நாளாயிற்று. எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி. ஏரி வழிந்து ரோட்டை அறுத்துவிட்டது. மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி போகாது.

மருத்துவச்சி கோவிந்தம்மாள் கலப்பைக்கிழங்கு கேட்டாள். காந்தள் கொடியின் கிழங்குதான். அரைத்து உள்ளங்காலில் பூசினால் பிள்ளை இறங்குமாம். இறங்கியதும் கழுவாவிட்டால் தாயையும் இழுத்துக்கொள்ளுமாம்.

சடையப்பன் முகம் செத்துப்போனது. காரணம் ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். நாலு வருஷம் முன்பு மூத்தவள் சொக்கம்மாளுக்கும் இதே வலி. இந்த மகராசன்தான் ஏதோ ஒரு கொடியின் கிழங்கைத் தோண்டி வந்தான். வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அப்படிப் போகிறவர்களுக்காக நடுகிற சுமைதாங்கிக் கல்லைக் காட்டோரம் நட்டார்கள். மறுவருஷமே கல்லை ஒட்டிக் காந்தள் முளைத்தது. காடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத கொடி. நட்டவர் யாருமில்லை.

"எல நுனி தேள் கொடுக்காட்டம் சுருண்டுகினு கீதா பாரு. பூவு மேல பாத்து நிக்கும், அடி மஞ்ச, நுனி செவப்பு. கெயங்கு கலப்பையாட்டம் வளைஞ்சிருக்கும். இந்த வாட்டியாவது பாத்துத் தோண்டு நைனா" என்றாள் கோவிந்தம்மாள்.

நானும் கூடப் போனேன். பயந்தவனுக்குத் துணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டிருந்தது. காற்றே இல்லை. பற்றிக்கொள்ளக் கல் இருந்தும் ஓர் இலைநுனிகூட அதைப் பற்றவில்லை. எல்லாம் நாங்கள் வந்த வழியைப் பார்த்து நீண்டிருந்தன. சடையப்பன் குனிந்தான், கடப்பாரையை ஓங்கவில்லை. கொடியின் அடியில் ஏற்கெனவே குழி. சுற்றிலும் சேறு, குழிக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிழங்கும் இல்லை. கிழங்கு போன கொடியில் பூக்கள் வாடாமல் எரிந்துகொண்டிருந்தன.

"இவளயும் வுட்டுட்டன்க்கா" என்றான் என்னிடம்.

வீட்டுக்குத் திரும்பினால், வாசலிலேயே பிள்ளை அழும் சத்தம். உள்ளே கோவிந்தம்மாள் கனகாவின் பாதங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மிமேல் வளைந்த கிழங்கில் பாதி கிடந்தது.

யார் கொண்டுவந்தது என்று கேட்டேன்.

"நீங்க அனுப்சீங்களே, அந்தப் பொம்பளதான். பின்வாசல்ல நின்னுகினு நீட்டிச்சி. உள்ள வாம்மான்னா வரல. அதுக்கும் நெறமாசம், பாவம்."

அந்த மாதம் ஊரில் கனகாவைத் தவிர நிறைமாசம் யாருமில்லை. இந்த விஷயத்தில் நான் தவறுவதில்லை.

சடையப்பன் பெண்குழந்தையைத் தூக்கி, சொக்கம்மா என்று கூப்பிட்டான். மூத்தாள் பேரையா வைப்பது என்று கனகா சண்டை பிடிப்பாள், கேட்கலாம் என்று ஒரு வாரம் அங்கேயே சுற்றினேன். அவள் சண்டையே பிடிக்கவில்லை. குழந்தையின் முகம் பின்வாசலுக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டாள்.