பத்தொன்பதாம் கதைக்கு விழுந்த மதிப்பெண்

முனிகிருஷ்ணனின் கதைக்குப் பத்தொன்பது என்று எண் கொடுத்திருந்தார்கள். பெயர் கிடையாது, வெறும் எண். அந்த வெறும் எண்ணுக்காகத்தான் அவர் போன வருடம் முழுக்கச் சண்டை போட்டிருந்தார்.

சண்டை நடந்தது ஒரு வாட்ஸ்அப் குழுவில். 'ஆழி நிலையம்' என்று ஓர் ஒலித்தொடர் வந்துகொண்டிருந்தது. கடலுக்கடியில் ஒரு சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களின் கதை. மூன்று பருவம் ஓடி, நான்காவது வராமலே நின்றுபோனது. அதை விட மனமில்லாத பெங்களூர்த் தமிழர்கள் முப்பது பேர் குழு ஒன்று ஆரம்பித்து, வருடத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அந்த நிலையத்தில் நடப்பதாக ஆளுக்கொரு புதுக் கதை எழுத வேண்டும். முதலிடம் பெறும் கதையை, தொடரில் தலைமைப் பொறியாளருக்குக் குரல் கொடுத்தவரே வாசித்துப் பதிவு செய்து தருவார்.

முதல் இரண்டு வருடமும் முனிகிருஷ்ணன் கடைசி வரிசையில்தான் வந்தார். தோற்றது அவருக்கு உறைக்கவில்லை. ஒருவர் எழுதிய குறிப்பு உறைத்தது. 'பேக்டரி அண்ணனுக்கு இது நல்ல முயற்சி.' பொம்மசந்திராவில் இருசக்கர வண்டிகளுக்கு ஸ்டாண்டு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தரச் சோதகர். பத்தொன்பது வயதிலிருந்து அங்கேதான் இருக்கிறார். தன்னைப் பார்த்துவிட்டுத்தான் கதையைப் படிக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. "பேரை எடுத்துட்டுக் குடுங்க. அப்புறமும் தோத்தா ஒத்துக்கிறேன்" என்று குழுவில் எழுதினார். அதையே வீட்டில் மனைவி பாஞ்சாலியிடம் வேறு மாதிரி சொன்னார்.

"இந்த வாட்டி பேரில்லாம படிக்கப் போறாங்க. அப்பவும் நல்லா இல்லன்னா எனக்கு வரலன்னு அர்த்தம். வுட்ருவேன்."

"வுட்டுட்டு?" என்றாள் பாஞ்சாலி.

தொம்மலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒன்றே கால் மணி நேரம். அந்த நேரம் முழுக்கப் போனில் கட்டைவிரலால் எழுதிக்கொண்டிருப்பார். பத்தொன்பதாம் கதையை அப்படிப் பதினோரு மாதம் எழுதினார்.

போட்டியை நடத்தியவள் வீணா. மல்லேஸ்வரத்துக்காரி, சாப்ட்வேர் வேலை. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவள். தனியாக நடுவர்கள் கிடையாது. எழுதியவர்களே ஒருவர் கதையை ஒருவர் படிப்பார்கள். இருபத்து நாலு கதை வந்திருந்தது. ஆளுக்கு ஐந்து கதை என்று பிரித்துக் கொடுத்தாள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கதையையும் ஐந்து பேர் படித்துவிடுவார்கள், யாருக்கும் சுமை இருக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டென்சில் பள்ளிக்கூட வாத்தியார். பத்துக்கு ஆறுக்கு மேல் யாருக்கும் போடமாட்டார். நிக்கோல் எட்டுக்குக் கீழே போடமாட்டாள். டென்சிலிடம் போன கதை தோற்கும், நிக்கோலிடம் போனது ஜெயிக்கும். கதை எப்படி இருந்தாலும் அதேதான். வீணா இதற்கு ஒரு வழி செய்திருந்தாள். ஒருவர் போட்ட மதிப்பெண்களுக்கு முதலில் சராசரி எடுப்பாள். அந்தச் சராசரிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று மட்டும் பார்ப்பாள். டென்சிலின் சராசரி நாலரை என்றால் அவர் கொடுத்த ஆறு பெரிய பாராட்டு. நிக்கோலின் சராசரி ஒன்பது என்றால் அவள் கொடுத்த எட்டு ஒரு குட்டு. இதை வீணா குழுவில் விளக்கியபோது முனிகிருஷ்ணன் இரண்டு முறை படித்தார். ஒவ்வொரு அளவுகோலும் எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டு அளப்பது அவருக்குப் பழகிய வேலை. இந்தப் பெண் கம்பெனிக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. நிக்கோல் முதலிடம். பத்தொன்பதாம் கதை பதினேழாம் இடம்.

ஐந்து நாள் அவர் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார். ஆறாம் நாள் டென்சில் குழுவில் விளையாட்டாக ஒரு வரி போட்டார்: "முனி அண்ணே, உங்க லிப்ட் சீனு சக்கத்தா இருந்துச்சு. நீங்கன்னு தெரிஞ்சுதான் படிச்சேன்."

முனிகிருஷ்ணன் பஸ்ஸிலிருந்தே கூப்பிட்டார். "எப்டி தெரிஞ்சுது டென்சிலு?"

"வௌக்கு வெச்சிங்கல்லண்ணா."

தொடரில் ஒரு பழக்கம் வரும். ஆழத்துக்கு இறங்குகிறவர் 'இறங்கிட்டேன்' என்று மேலே சொல்லி அனுப்புவார். மேலே இருப்பவர்கள் ஒரு விளக்கு ஏற்றி வைப்பார்கள். குழுவிலும் அதே பழக்கம். கதையை வீணாவுக்கு அனுப்பியவுடன் 'இறங்கிட்டேன்' என்று எழுதி ஒரு விளக்குப் படம் போடுவார்கள். போடாவிட்டால் கதை இன்னும் முடியவில்லையா என்று மற்றவர்கள் கேட்பார்கள். இருபத்து நாலு பேரும் போட்டிருந்தார்கள். வீணாவோ கதைகள் வந்து சேர்ந்த வரிசையிலேயே ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்திருந்தாள். குழுவில் விளக்குகளை மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் போதும். பத்தொன்பதாவது விளக்கு முனிகிருஷ்ணனுடையது.

"வேணும்னு பண்லண்ணா. பத்து பேருக்கு மேல எண்ணிட்டாங்க. நான் சும்னே ஒரு ஆர்வத்துல எண்ணுனேன்" என்றார் டென்சில்.

"எண்ணுனது சரி. ஏன் சொல்லல?"

"உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

அன்று மாலைக்குள் குழு இரண்டாகிவிட்டது. போட்டியை ரத்து செய்யச் சொன்னார்கள் சிலர். மறுபடி நடத்தச் சொன்னார்கள் சிலர். மறுபடி எப்படி நடத்துவது? ஐந்து கதையைப் படித்த ஒருவரைப் படிக்காதவராக ஆக்க முடியாதே. நிக்கோல், தனக்குப் பதிவே வேண்டாம், ஆளை விடுங்கள் என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். ஒருவர் வீணாவின் வேலையை, படிப்பை எல்லாம் இழுத்துப் பேசினார். பெயரை மறைக்கச் சொன்னது முனி அண்ணன்தான், அவர் என்ன சொல்கிறாரோ அதையே செய்வோம் என்று கடைசியில் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

அவருக்குக் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக ஒரு நிம்மதி இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பெயர் தெரிந்து போட்ட மதிப்பெண் என்றால் பதினேழாம் இடத்துக்கு அர்த்தம் இல்லை. தனக்கு எழுத வருமா, வராதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

சனிக்கிழமை வீணா கூப்பிட்டாள். "அண்ணா, ஒரு வழி இருக்கு. நேர்ல வர முடியுமா?"

ஞாயிறு காலை இந்திராநகரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, மல்லேஸ்வரம் போனார். சம்பிகே ரோட்டில் ஒரு தர்ஷினி ஓட்டல். நின்றுகொண்டு காபி குடிக்கும் மேசை ஒன்றின்மேல் வீணா மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"முதல்ல சாரிண்ணா. நான் எண்ணைக் கலைச்சுப் போட்டிருக்கணும். ஒரு நிமிஷ வேலை."

"வுடும்மா. நானும்தான் வௌக்கு வெச்சேன். எனக்கே தோணல."

"கடைசி தேதி முடிஞ்சப்புறம் ரெண்டு பேர் குழுவுல சேந்தாங்க, ஞாபகம் இருக்கா? அமல், டிரேவர். புதுசா சேர்றவங்களுக்குப் பழைய மெசேஜ் எதுவும் தெரியாது. அவங்க வௌக்கையே பாக்கல. யாரையும் பழக்கமும் இல்ல. எழுதாததால நேரமிருக்குன்னு ஆளுக்குப் பன்னெண்டு கதை படிச்சாங்க. அப்படின்னா ஒவ்வொரு கதையையும் பேர் தெரியாம ஒருத்தர் படிச்சிருக்காங்க. அவங்க மார்க்கை மட்டும் எடுத்துப் புது வரிசை போடலாம்."

அழகான வழி. உடைந்த சோதனைக்குள்ளேயே உடையாத ஒரு சின்னச் சோதனை இருந்திருக்கிறது. இவள் தேடி எடுத்திருக்கிறாள்.

"போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்." அவள் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை. "நிக்கோல் அதுலயும் முதல்தான். நீங்க சொன்னா இதைக் குழுவுல போடறேன். சொல்லலன்னா வேணாம்."

"என்னுது எங்க?"

"அண்ணா, அது ஒரே ஒரு ஆளோட மார்க்."

"காட்டும்மா."

திரையைத் திருப்பினாள். பத்தொன்பதாம் கதைக்கான வரி. மற்ற ஐந்து பேரும் அவரவர் சராசரியை ஒட்டியே, கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தார்கள். அமலின் சராசரி ஆறு. பத்தொன்பதாம் கதைக்கு அவர் போட்டது மூன்று. அவர் படித்த பன்னிரண்டில் அதுதான் ஆகக் குறைவு. பக்கத்துக் கட்டத்தில் குறிப்பு: 'அவசரத்தில் எழுதியதுபோல் இருக்கிறது. எல்லாரும் ஒரே ஆள் மாதிரி பேசுகிறார்கள்.'

முனிகிருஷ்ணன் அதை மெதுவாகப் படித்தார். பிறகு மற்ற ஐந்து மதிப்பெண்களையும் பார்த்தார். அவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். பெயர் தெரிந்ததால்தான் அந்த அளவாவது போட்டிருக்கிறார்கள். யாரும் அவரைக் கீழே இறக்கவில்லை. தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"ஒண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணா. நீங்களே குழுவுல எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க" என்றாள் வீணா.

"எங்க கம்பெனில ஷிப்டுக்கு ஒரு பீஸ்தாம்மா அறுப்போம்." அவர் காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு விரலால் மேசைமேல் கோடு போட்டுக் காட்டினார். "வெல்டு மேல பாத்தா பளபளன்னு இருக்கும். உள்ள புடிச்சிருக்கான்னு தெரியாது. அதனால ஒண்ண எடுத்துக் குறுக்கால அறுத்து, பாலிஷ் போட்டு, ஆசிட் ஊத்துவோம். ஊத்துனா வெல்டு எவ்ளோ ஆழம் எறங்கிருக்குன்னு கறுப்பாத் தெரியும். அந்த ஒண்ணு சரியில்லன்னா ஷிப்டு மொத்தத்தையும் நிறுத்தி வெச்சிருவோம்."

"நிறுத்தி வெச்சுட்டு இன்னும் நாலு அறுத்துப் பாப்பீங்கல்ல?"

"பாப்போம்."

"அப்ப இன்னும் நாலு பேர்கிட்ட குடுப்போம். குழுவுக்கே சம்பந்தமில்லாத ஆளுங்க. நான் ஏற்பாடு பண்றேன்."

அவள் சொன்னது சரி. அவரும் வேறு யாருக்காவது என்றால் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பதினோரு மாதத்தை அந்தக் குறிப்போடு சேர்த்துப் பார்த்தபோது, கதையில் லிப்டில் சிக்கிக்கொண்ட நாலு பேரும் பேசியது அவர் காதில் விழுந்தது. நாலு பேரும் அவர் குரலில்தான் பேசினார்கள். பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுத்து முணுமுணுத்து எழுதியது அது. அமல் சொன்னது சரி என்று தெரிய இன்னும் நாலு பேர் தேவைப்படவில்லை.

"வேணாம்மா. ஆய்த்து, முடிஞ்சுது."

அங்கேயே நின்றுகொண்டு குழுவுக்கு எழுதினார்: 'எனக்கு ஆட்சேபணை இல்லை. முடிவு அப்படியே இருக்கட்டும். நிக்கோல் கதையைப் பதிவு பண்ணுங்க. வீணாவை யாரும் ஒன்னும் சொல்லாதீங்க.'

இரண்டு நிமிடத்தில் கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. பெரிய மனசு அண்ணா. இதுதான் அண்ணா நிஜமான வெற்றி. டென்சில் எழுதினார்: 'அநியாயத்துக்கு நல்லவருண்ணா நீங்க. அடுத்த வருசம் எண்ணைக் கலைச்சுப் போட்டா பர்ஸ்ட்டு நீங்கதான்.' வீணா அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெயர் தெரியாமல் விழுந்த அந்த மூன்று மதிப்பெண் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது பாஞ்சாலி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்லுச்சு அந்தப் பொண்ணு?"

"பேர் தெரிஞ்சுதான் மார்க் போட்டாங்களாம்."

"அப்பவே சொன்னேன். வேணும்னே உன்னக் கவுத்துட்டானுங்க." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை நாள் அவர் பேசாமல் இருந்ததை அவளும் சுமந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "அப்ப இது சேத்தி இல்ல. நீ சொன்ன மாரி பேரில்லாம படிச்சாத்தான் சேத்தி. அடுத்த வருசம் எழுது."

"ம்."

"ம் இன்னா ம். எழுதுவ இல்ல?"

"எழுதுறேன்" என்றார்.

அடுத்த கதைக்கென்று போனில் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை மெட்ரோவில் வரும்போதே அழித்துவிட்டிருந்தார்.