மேல்மாடியும் கோட்டுக்காரரும்

எந்தப் பொருளானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட பிரேமலதாவுக்கு மனசு வராது. குவைத்திலிருந்து புருஷன் ரமணா அனுப்பிய புது மிக்ஸியையே ஸ்குரூ கழற்றிப் பார்த்தவள். அப்படிப்பட்டவளை, வீட்டுப் படம் போட்டுத் தரும் அச்சுத்தின் சித்தூர்க் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தால் சும்மா இருப்பாளா?

குடிபாலாவில் கட்டப்போகிற வீடு திரையில் நின்றது. கீழ்வீடு, மேல்மாடி, தாமரை வைத்த தூண்கள், எல்லாம் ரமணா போனில் சொன்னபடி. அந்தக் குடும்பத்தில் சொந்தமாக மனை வாங்கிய முதல் ஆள் அவன். ஊரே அண்ணாந்து பார்க்க, வாசலில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஆசை. ஆனால் மேல்மாடி எழும்ப வேண்டுமானால் அவன் குவைத்தில் இன்னும் மூன்று வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடட்டுமா என்று போன வாரமே கேட்டான். படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவியிருந்தாள். இன்று சாயங்காலம் மறுபடி கூப்பிடுவான்.

அச்சுத் மவுஸை இழுத்தான். வீடு திரும்பியது. திரும்பும்போதே தூண், ஜன்னல் எல்லாம் போய் வெறும் பெட்டி பெட்டியாக நின்றது.

“இன்னா சார், ஊடு எங்க பூட்ச்சி?”

“எங்கயும் போகலக்கா. திருப்பறப்போ அவ்வளவையும் வரைய மிஷினுக்கு முடியல. அதான் பெட்டியா காட்டுது. கையை எடுத்தா வந்துடும்.”

வந்தது. அவள் மவுஸை வாங்கி இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். அச்சுத்தின் டீ ஆறிப்போனது.

“பொட்டி ஆவாம, முழுசாவே திருப்ப முடியாதா?”

அவன் அப்படி மாற்றிக் காட்டினான். வீடு ரேணிகுண்டா ஜங்ஷனுக்கு வெளியே சிக்னலுக்குக் காத்திருக்கிற கூட்ஸ் வண்டியைப் போல நின்று நின்று நகர்ந்தது.

“பாரமா எதையாவது மறைச்சா ஓடும்” என்றான்.

“எது பாரம்?”

அவன் போர்டிகோவைக் காட்டினான். வீட்டின் உயரம் புரிவதற்காக அங்கே ஓர் ஆளை நிறுத்தியிருந்தான். கோட்டும் சூட்டும் போட்ட வெள்ளைக்காரர்.

“சுவர் தட்டையா இருக்கறதால லேசு. மனுஷனுக்கு மூக்கு, விரல், எல்லாம் வளைவு. ஒவ்வொண்ணையும் வரையணும்.”

இத்தனை பெரிய சுவரைவிட ஒரு மூக்கு பாரமா என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அச்சுத் ஆளை மறைத்தான். வீடு வழுக்கிக்கொண்டு திரும்பியது. அவள் மேல்மாடிக்கு ஏறினாள், அறை அறையாகப் புகுந்து வந்தாள். இறங்கி வாசலுக்கு வந்தபோது போர்டிகோ காலியாக இருந்தது. அவள் மவுஸை விட்டுவிட்டாள்.

“அந்த ஆளைக் கொண்டாங்க சார்.”

“அவரை மட்டும் பெட்டியா காட்டட்டுமா? பாரம் இருக்காது.”

ஆள் நின்ற இடத்தில் ஒரு பெட்டி நின்றது.

“வாணாம் சார். வருஷா வருஷம் எங்க ஊட்டுக்காரருக்குப் பதிலா கார்கோ பொட்டிதான் வந்துக்கினு கீது. முழு ஆளா வைங்க.”

வைத்தான். வீடு மறுபடி திணறியது.

“மேல்மாடியும் ஆளும் ஒண்ணா இருந்தா இந்த மிஷின் தாங்காதுக்கா.”

அவள் மேல்மாடியையும் வாசலில் நின்ற ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப மேல்மாடியை எடுத்துடுங்க.”

எடுத்தான். அவள் கீழ்வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கும் தடங்கல் இல்லை. சமையலறை, கூடம், கொல்லை என்று எங்கே போய்த் திரும்பினாலும் வாசலில் கோட்டுக்காரர் இருந்தார். அவளுக்கு அழுகை முட்டியது. சந்தோஷமாகவும் இருந்தது.

செல் அடித்தது. ரமணாதான்.

“மேல்மாடி எப்பிடி கீது?”

“எடுத்துட்டேன் மாமா. அது இருந்தா வாசல்ல ஆள் நிக்க முடியல. கையெழுத்துப் போடாத. வந்துடு.”

திட்டப்போகிறான் என்று நினைத்தாள்.

“வாசல்ல நிக்கற ஆளுக்கு மீசை கீதா?” என்று கேட்டான் ரமணா.

அவள் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“இல்ல. நீ வந்து வெச்சிக்கோ.”