ராபர்ட் பிரிச்சர்டின் மரண விசாரணை

அம்மாவின் அடக்கத்துக்கு வருபவர்களுக்காக நெரிஸ் ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, மொர்வித் பெரியம்மா நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் தேவாலயத்தின் பின்கூடத்துக்குள் வந்தாள்.

"ஏண்டி, மேல் வரிசையில எங்க சித்தப்பா, அதான் உங்க தாத்தா, குழியைத் தொறந்து வச்சிருக்காங்க? உங்கம்மா உங்கப்பன் பக்கத்துலதானே போகணும்?"

"நல்லாக் கேளுங்க பெரியம்மா," என்றான் எம்ரிஸ். பன்றி இறைச்சியை மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்தான். "தம்பி நான் கேட்டா வாத்தியாரம்மாவுக்குக் கோபம் வருது."

நெரிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மாதான் கேட்டாங்க. தாத்தா எப்படிச் செத்தாருன்னு தெரிஞ்சப்புறம்."

"பாறை சரிஞ்சு செத்தாரு. அதுல புதுசாத் தெரிய என்ன இருக்கு?"

நெரிஸ் சொன்னாள். குடும்ப வரலாறு தேடப் போய், கெர்னார்வனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் ஒரு மரண விசாரணைத் தாள் கிடைத்தது. ராபர்ட் பிரிச்சர்ட், சிலேட்டு குவாரித் தொழிலாளி, 1956. தண்ணீர் நிரம்பிய பழைய குவாரிப் பள்ளத்தில் சடலம். மனம் நிலைகுலைந்திருந்த வேளையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்று தீர்ப்பு. பெயர், குவாரி, கல்லறையில் இருந்த ஆண்டு எல்லாம் சரியாக இருந்தன. காப்பகப் பெட்டியில் இன்னும் தாள்கள் இருந்தன. தேடியது கிடைத்துவிட்டதென்று மூடிவிட்டாள்.

இதை அம்மாவிடம் மறைக்க அவளால் முடியவில்லை. மருத்துவமனையில் வாசித்துக் காட்டினாள். அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு, "என்னை அவர்கிட்டயே வச்சிரு நெரிஸ். அங்க யாரும் போறதில்ல."

பெரியம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"காயிதத்துல வீடு எதுன்னு போட்டிருந்துச்சு?"

"ஸ்டேஷன் தெரு. மலைக்கு மேல குடி வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சியாக்கும்! ஸ்டேஷன் தெருவுல இருந்தவன் கறுப்பு ராபர்ட். நம்ம ஆளு மலை மேல ரெண்டு மாடு வச்சிருந்தவரு, ரெண்டு மாட்டு ராபர்ட். இந்த ஊர்ல பாதிப் பேரு பிரிச்சர்ட், மீதிப் பேரு ஜோன்ஸ். வீட்டை வச்சுத் தேடாம பேரை வச்சு எவ தேடுவா?"

"ரெண்டு பேரும் ஒரே வருஷத்துலயா?"

"கறுப்பன் ஆடு குட்டி போடற வசந்த காலத்துல போனான். சித்தப்பா பனி விழறப்ப. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு, மறப்பனா?"

எம்ரிஸ் நறுக்குவதை நிறுத்தினான்.

"அப்ப அம்மா எதுக்குத் தெரியும்னாங்க?" என்று கேட்டாள் நெரிஸ்.

"அது அவளுக்குத்தான் வெளிச்சம். எங்க சித்தப்பா சவப்பெட்டியைத் தொறந்து காட்டவே இல்லடி. பாறை நசுக்கி முகம் இல்ல, அதனால. உங்கம்மா அப்ப குழந்தை, அவகிட்ட யாரும் வாயைத் தொறக்கல. அவளா என்னத்தைக் கற்பனை பண்ணிக்கிட்டாளோ."

அல்லது அம்மாவுக்கு இரண்டு ராபர்ட்டுகளையும் நன்றாகத் தெரிந்திருக்கலாம். மகள் தவறான தாளைக் கொண்டுவந்திருக்கிறாள் என்பதும் தெரிந்திருக்கலாம். தன் அப்பாவிடம் போக ஒரு காரணம் கிடைத்ததென்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் கணவரிடம் போகாமலிருக்க என்ன காரணம்? ஒரே ஒரு அளவீட்டை மட்டும் நம்பாதீர்கள் என்று அறிவியல் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்பவள் நெரிஸ். மறுபடி கேட்டுப் பார்க்க இப்போது அம்மா இல்லை.

"இன்னும் நேரம் இருக்குக்கா," என்றான் எம்ரிஸ். "அப்பா குழி மண்ணு இளகின மண்ணு. நானே போய் வெட்டறேன்."

"அம்மா கேட்டது தாத்தா பக்கத்துல."

"நீ சொன்னதால கேட்டாங்க. நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அப்பாகூடப் போயிருப்பாங்க."

"சாவு வீட்டுல சண்டை வேண்டாம்," என்றாள் பெரியம்மா. "எனக்கு ஒரு டீ குடுங்க யாராவது."

நெரிஸ் கெண்டியைத் தூக்கினாள். அது காலியாக இருந்தது. குழாயடியில் நீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சவ வண்டிக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் தலையை நீட்டினார்.

"பாட்டு முடிஞ்சதும் நேரா மேல் வரிசைதானேம்மா?"

எம்ரிஸ் அவளைப் பார்த்தான். பெரியம்மா தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெண்டி நிரம்பி நீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"ஆமா," என்றாள் நெரிஸ்.

மேல் வரிசையில் மழையோடு காற்று பலமாக அடித்தது. ஆண்கள் நான்கு குரல்களாகப் பிரிந்து பாடினார்கள். கயிறுகள் இறங்கின. முதல் பிடி மண்ணை நெரிஸ் போட்டாள். அடுத்துப் போட எம்ரிஸைத் தேடினாள். அவன் அங்கே இல்லை.

எல்லோரும் தேநீருக்குக் கீழே இறங்கிய பிறகு சுவரோரமாக நடந்து போனாள். அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் எம்ரிஸ் நின்றிருந்தான். கல் நனையாதபடி குடையை அதன் மேல் சாய்த்துப் பிடித்திருந்தான். தலையும் ஒரு தோளும் முழுக்க நனைந்திருந்தன.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. குடையை மட்டும் அவள் பக்கமாக நகர்த்தினான். கல்லின் ஒரு ஓரம் நனையத் தொடங்கியது.