வாப்பா போட்ட குழாய்

றம்ஸீன் கட்டாரிலிருந்து காத்தான்குடிக்கு வந்து ஆறு நாள். ஒரு மாத லீவு. மூன்று வருடத்துக்கு முன் அவன் விமானம் ஏறியபோது மகள் பர்ஸானாவுக்கு ஒரு வயது. இப்போது நாலு. இந்த ஆறு நாளில் அவள் ஒரு தடவைகூட அவனை ‘வாப்பா’ என்று கூப்பிடவில்லை. அந்தச் சொல்லை, இவ்வளவு காலமும் அவன் முகம் தெரிந்த உம்மாவின் ஃபோனைப் பார்த்துத்தான் சொல்லுவாள். கப்பல் கொள்ளாத அளவுக்கு அவன் கொண்டுவந்த பாடும் ரயிலும் பேசும் பொம்மையும் கட்டிலுக்குக் கீழே கிடந்தன.

அவளுக்கு வேலை வேறு. வாவிக்கரைப் பக்கம் வீட்டு வளவின் மூலையில் ஒரு குழி. குழாயடி வாளியில் தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு, பாதியைச் சட்டையில் சிந்தி, மீதியைக் குழிக்குள் ஊற்றுவாள். மணல் அதை ஒரே மிடறில் விழுங்கும். காலையிலிருந்து ஒன்பதாயிரம் சிரட்டை போயிருக்கும். குறைத்துச் சொன்னால் பாவம்.

றம்ஸீன் கட்டாரில் கட்டட வேலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். ஓர் ஆணி கோணலாக இருந்தாலே அவனுக்கு உடம்பெல்லாம் கடிக்கும். இருந்தான், எழும்பினான், வளவை நாற்பது தடவை சுற்றினான்.

“இப்பிடி ஊத்தினா எப்ப மகள் நிரம்புற? வாப்பா ஒரு வழி பண்றன்.”

குழிக்குள் பொலித்தீனை விரித்தான். ரப்பர் குழாயை இழுத்துவந்து திறந்தான். ஒரு நிமிடத்தில் குழி தளும்பியது.

பர்ஸானா தண்ணீரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சிரட்டையை எடுத்துக்கொண்டு மறு மூலைக்குப் போய்ப் புதுக்குழி தோண்டினாள்.

விட்டானா? இரண்டாம் குழிக்குக் கல் அடுக்கினான். மூன்றாவதுக்கு மண்வெட்டியோடு போனான். நாலாவதை அளந்தே பார்த்துவிட்டான். ஐந்தாவதைத் தோண்ட அவள் முருங்கை மரத்தடிக்கு ஓடினாள். இன்னும் இரண்டு குழி போனால் பிள்ளை வாவியைத் தாண்டி அக்கரைக்கே குடிபோய்விடுவாள்.

சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஸுஹைனா குசினி வாசலுக்கு வந்தாள். “இஞ்சாருங்க, குழி நிரம்ப வேணுமெண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?”

“பின்ன என்னத்துக்கு ஊத்துறா?”

“ஊத்துறத்துக்குத்தான். கையையும் வாயையும் வெச்சிட்டுச் சும்மா இரிங்களன்.”

“சும்மா இரிக்க எனக்கு ட்ரெயினிங் இல்ல புள்ள.”

ஆனாலும் இருந்தான். வாளிக்கும் குழிக்கும் நடுவே காலை நீட்டி, கைகளைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு. எறும்பு கடித்தது, ஒன்றா இரண்டா, மட்டக்களப்பு மாவட்டத்து எறும்பு அத்தனையும். சிரட்டையில் ஓட்டை இருந்தது. சொல்ல நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்தான். அந்த அரை மணித்தியாலம் கட்டாரின் மூன்று வருடத்தை விட நீளம்.

பர்ஸானா வந்து நின்றாள். அவன் காலை மேலும் கீழும் பார்த்தாள். முழங்காலில் ஈரமணலை அள்ளி அப்பினாள்.

“என்ன மகள் இது?”

“பேசாதீங்க. பாலம்.”

பாலம் வாயை மூடியது. அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு காலின் மேல் ஏறிக் கடந்தாள். வெறும் சிரட்டையோடு திரும்பும்போதும் பிடித்தாள். மணல் ஒட்டிய, ஈரமான, சின்னக் கை. பத்தாவது தடவையில் அவன் உடம்பு குலுங்கத் தொடங்கியது. சிரித்தானா அழுதானா என்பது எறும்புக்குத்தான் தெரியும்.

தண்ணீர் சிந்திவிட்டது. அவள் முறைத்தாள்.

“ஆடாதீங்க வாப்பா!”