அடங்காத செம்பு

செவரின் அடித்து முடித்த செம்புக் கிண்ணம் எழுபத்தோரு மணி நேரம் ஒலித்தது. புதன்கிழமை காலை பதினொன்றுக்குக் கடைசிச் சுத்தியலடி விழுந்தது. சனிக்கிழமை தேவாலயத்தில் பத்து மணி அடித்து ஓய்ந்த சற்று நேரத்தில் ஒலி நின்றது. வியன்னாவில் அவன் தெருக்காரர்கள் ரொட்டி விலை ஏறியதைப் போலத்தான் இதையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் முணுமுணுத்தார்கள், மறுநாள் பழகிவிட்டார்கள். எதிர்வீட்டில் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்த கடிகாரங்கள் ஒன்றாக நடக்கத் தொடங்கின. தேவாலயப் பாடகர்கள் ஆர்கனை மூடிவிட்டு இந்தச் சுருதியிலேயே பாடிப் பழகினார்கள். மாடிப்படி துடைக்கும் பிளாஷ்கே, செவரினின் மனைவி ஹெர்மினேயை நிறுத்தி, "உங்க கிண்ணத்தோட எங்க வீட்டுக்காரர் குறட்டை சுருதி சேந்துடுச்சும்மா. நாப்பது வருஷத்துல இப்பதான் காது குடுத்துக் கேக்கற மாதிரி இருக்கு" என்றாள். ரொட்டிக்காரர் செவரினிடமே கேட்டுவிட்டார்: "எப்ப நிக்கும் மாஸ்டர்?" "கறுப்பு ரொட்டியே குடுங்க" என்றான் செவரின். ரொட்டிக்காரர் கறுப்பு ரொட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

ஆப்பராவுக்கு டிம்பனி முரசு செய்வது அவர்கள் தொழில். செம்பு அவனுடையது, தோல் அவளுடையது. தட்டையான தகட்டை அவன் கிண்ணமாக்கியபின் உள்ளே நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்காது. ஆட்டின் முதுகெலும்புக் கோடு முரசின் நடுவே போகும்படி அவள் தோலை இழுத்துக் கட்டுவாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. செம்பில் ஒலி மிச்சமிருக்கும்போது ஈரத்தோலைப் போர்த்தினால் தோல் அந்த நடுக்கத்தோடே காய்ந்துவிடும். பிறகு முரசு எந்தச் சுருதியிலும் நிற்காது, கிண்ணத்தை உருக்க வேண்டியதுதான். தொட்டுப் பார்க்கவும் கூடாது. தொட்டால் செம்பு பொய்யாக அடங்கும். அதனால் தோல் போடும் நாள்வரை கிண்ணம் தனியே தொங்கும். வழக்கமாக அதற்குள் அடங்கியே இருக்கும். அன்றைக்கு வாங்க வந்தவர் முன்னால், செம்பை அடித்தவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கிண்ணத்தின் வாயில் காதை வைத்து, "அடங்கிடுச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தோல் போட்டே ஆக வேண்டும். செவரின் ஒருமுறையும் தப்பாகச் சொன்னதில்லை. ஹெர்மினே பல வருடங்களாகவே அவன் எதிரில் வந்து நின்றுதான் பேசுவாள், விளக்கை அணைத்தபின் பேசமாட்டாள். ஏன் என்று அவனும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சனிக்கிழமை ஆப்பராவின் முரசுக்காரர் பிரிபில் வந்தார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. செவரின் கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்து, காதை வைத்து, நிதானமாக நிமிர்ந்தான்.

"அடங்கிடுச்சு."

"இன்னொரு தடவை கேளுங்க மாஸ்டர்" என்றார் பிரிபில், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. அவன் திரும்பவில்லை.

ஹெர்மினேயின் கையிலிருந்த தோலிலிருந்து தண்ணீர் அவள் செருப்பில் சொட்டியது. போர்த்தினால் அவன் செய்ததிலேயே நல்ல கிண்ணம் போய்விடும். போர்த்தாவிட்டால் ஆப்பராக்காரர் முன்னால் அவன் மானம் போய்விடும், தொழிலும் கூடவே போகும். அவள் தோலை ஊறவைக்கும் தொட்டிக்குள் திரும்பப் போட்டாள். அவன் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, வழக்கத்தை மீறி, அவன் உள்ளங்கையைச் செம்பின்மேல் வைத்தாள். தொட்டபிறகும் செம்பு அடங்கவில்லை.

செவரின் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. நல்ல வேலையைத் தொட்டுப் பார்க்கும்போது வரும் முகம்தான் முதலில் வந்தது.

"எப்பலேர்ந்து?"

"புதன்கிழமைலேர்ந்து" என்றாள், அவன் எதிரில் வந்து நின்று.

"தெருவுக்கே தெரியுமா?"

"பாடகருங்க இத வச்சுத்தான் பாடுறாங்க."

பிரிபில் அதற்குப் பிறகும் கடைசிவரை வேறு எவரிடமும் முரசு வாங்கவில்லை. அந்தக் கிண்ணத்தில் செய்த முரசைத்தான் எப்போதும் தன் இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டார். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அப்போது தேவாலயத்தில் பத்து மணி அடித்தது. மற்ற இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் நிமிர்ந்ததைச் செவரின் பார்த்தான். கையைச் செம்பிலேயே வைத்துக்கொண்டு பிரிபிலின் பக்கம் திரும்பினான்.

"எனக்குக் காது கேக்காதுங்க" என்றான். "ஒம்போது வருஷமாச்சு."